மூன்று தரம் அடித்து வைத்த போன்

என் உயிர் அக்காவுக்கு,

ஹொல்ஸ்டெப்ரோ என்ற இந்த டெனிஷ் ஊரிலிருந்து உன் தங்கச்சி எழுதுகிறேன். சண்டை முடிந்துவிட்டதாம். ஒரு கிழமையாக எல்லா ரேடியோவும் அதைத்தான் சொல்கின்றன. இங்கே எங்கள் ஆட்கள் கடையில் கண்டால் இப்போது சுகம் விசாரிப்பதில்லை. "ஆராவது கதைச்சவையோ?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். வன்னியில் கலியாணம் கட்டி அங்கேயே நின்றுவிட்ட நம் தம்பியிடமிருந்து மாசிக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். 2004 நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் சுமாத்திராவில் நிலம் ஆடியதற்கும் கல்லடியில் உன்னைக் கடல் கொண்டுபோனதற்கும் இடையில் ஒரு கோல் எடுக்க எவ்வளவோ நேரம் இருந்தது. உலகத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அதனால் நீ போன பிறகு நானும் அம்மாவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அந்தப் பக்கம் எங்கே நிலம் ஆடினாலும் நான் மூன்று தரம் மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவேன். கல்லடி வீட்டில் அம்மா போனைத் தூக்கக் கூடாது, கதைத்து நேரத்தை வீணாக்கக் கூடாது. செருப்பைப் போட்டுக்கொண்டு பாலம் தாண்டி டவுனுக்குள் சித்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும். எத்தனையோ தரம் போயிருக்கிறா. ஒரு தரமும் கடல் வரவில்லை. என்னால் சித்தியின் தேயிலைதான் முடிகிறது என்று பகிடி பண்ணுவா.

போன புதன்கிழமை வேலையால் வந்து சப்பாத்துக் கூடக் கழற்றவில்லை. கணினிக்கு முன்னால் இருந்த என் மகள் சொன்னாள், சுமாத்திராவுக்குக் கிட்ட, கடலுக்கு அடியில் என்று. வழக்கம்போல டெனிஷில்தான் சொன்னாள். பெரிதில்லை, நடுத்தரம்தான், எச்சரிக்கை ஒன்றும் விடவில்லை என்றாள். பூமியின் ஒரு தட்டு மற்றத் தட்டுக்கு அடியில் போகிற இடமாம், அங்கே அடிக்கடி இப்படி ஆடுமாம், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்களாம். நான் எங்கே கேட்டேன்? கை தன்பாட்டில் மூன்று தரம் அடித்து வைத்துவிட்டது.

பிறகும் மனம் ஆறவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துச் சித்தி வீட்டுக்கு எடுத்தேன். அம்மா அங்கே வந்து சேரவில்லை. திரும்ப நம் வீட்டுக்கு எடுத்தேன். முதல் மணி முடிய முன்னமே தூக்கினா.

"மகன்? இப்ப எடுத்துக் கட் ஆனது நீதானே ராசா?"

அக்கா, போன் கார்ட்டில் எடுத்தால் அங்கே என் நம்பர் விழாது. அந்தக் கிழமை முழுக்க அம்மா போனுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக் கிடந்திருக்கிறா. எங்களுடைய ஏற்பாடு அவவுக்கு அடியோடு மறந்துபோய்விட்டது. கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து மணி அடித்து, ஓடிவருமுன் நின்றதும் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துவிட்டா. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படி உனக்கு எழுதுவேன்? ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இருந்தது. ஆனால் விட்டால் அவ கடற்கரையிலேயே காத்துக்கொண்டு இருப்பா.

"நான்தான் அம்மா அது. நிலம் ஆடியிருக்கு. வெளிக்கிடுங்க."

அவ திரும்பப் பாயில் இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னா: "நான் போகமாட்டன் புள்ள. அவனுக்கு இந்த நம்பர் ஒண்டுதான் தெரியும்."

நீ இருந்திருந்தால் ஒரு அதட்டலில் கிளப்பியிருப்பாய். நான் அம்மாவை எதிர்த்து ஒரு சொல் சொல்லிப் பழகாதவள். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, உன் குரலில் கத்தினேன். அந்தப் போனுக்கு வயர் இல்லைத்தானே, பற்றரியில் எங்கேயும் வேலை செய்யுந்தானே, தூக்கிக்கொண்டு நடவுங்க என்றேன். மகள் பயந்துபோய் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா நடந்தா. சித்திதான் பிறகு சொன்னா, மேசைப் போனைச் சேலைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அன்ரெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் பாலத்தால் வந்தாவாம். தேத்தண்ணி கொடுத்தும் குடிக்கவில்லையாம். கடல் வரவில்லை. இங்கே டெனிஷ் செய்தியில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

உன்னைக் கண்டெடுத்து மண் போட்டார்கள். அதனால் உன் கோலுக்கு ஒருவரும் காத்திருப்பதில்லை. ஆனால் எனக்கு உன்னோடு கதைக்க வேண்டும்போல இருக்கிறது, அக்கா. அம்மாவை எப்படித் தேற்றுவது என்று உன்னிடம் கேட்க வேண்டும். பின்னேரத்தில் இங்கே கடுகுப் பூ வயல்களைத் தாண்டிக் காரோட்டி வரும்போது, பக்கத்து ஆசனத்தில் நீ இருந்து எதையாவது குறை சொல்லிக்கொண்டு வரமாட்டாயா என்று ஏங்குகிறேன்.

கடைசியாக அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டா. "இனி வைக்காத புள்ள. நான் தூக்குமட்டும் அடிக்க விடு." உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன், இனி எந்தக் கோலையும் அம்மா தூக்குமுன் வைக்க மாட்டேன்.

தம்பி உன்னிடம் வந்துவிட்டானா? வந்திருந்தால் எனக்குச் சொல்லாதே, அக்கா. அம்மா இன்னும் போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா.

உனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்தவள்