ஐந்தாம் மணி நேரம்

பாகூர்
19.05.2024

அன்புள்ள ஆசிபாவுக்கு,

ஜெயசித்ரா எழுதுவது. ஐந்து மாதமாக நான் அடிக்கும் போனை நீ எடுக்கவில்லை. நேற்று தவளக்குப்பத்தில் உன் அத்தா கடைக்குப் போய் உன் விடுதி முகவரியைக் கேட்டேன். "ஒரே வண்டியில வேலைக்குப் போன புள்ளைங்க, உங்களுக்குள்ள இன்னாம்மா சண்டை?" என்றார். முகவரிச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஓசூர் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ வேலையை விட்டுப் போன பிறகு, கேமராவுக்கு நாம் செய்த சின்ன சர்க்யூட் போர்டு வண்டிகளில் ஏறிவிட்டது. ஒன்றரை வருடம் உட்கார்ந்து இரண்டு போர்டை ஒன்றாக்கி, தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்தோமே, அதேதான். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது என்று முதலாளி அன்புராஜ் சார் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். இப்போது நானூறு வண்டிகளின் பின்பக்கக் கேமராவில் அது இருக்கிறது.

மே ஆறாம் தேதி நல்லவாட்டில் ஒரு மீன் வண்டி ரிவர்ஸில் வரும்போது சின்னபொண்ணு என்கிற அம்மாள் மேல் ஏறிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம், சின்னப் படகுகள் மட்டும் கரைக்கு வந்திருந்தன. அந்த அம்மாள் வண்டிக்குப் பின்னால் குனிந்து மீன் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வண்டி ஓட்டிய கண்ணையன் எங்கள் தெருக்காரர். தூக்கக் கலக்கத்தில் ஓட்டினார் என்று வழக்கு. ஜாமீனில் வந்தவரைப் போய்ப் பார்த்தேன்.

"ஸ்கிரீன்ல வெறும் மணல்தாம்மா இருந்துச்சு. ஒரு ஆளு இல்ல. நான் இன்னா கண்ண மூடிக்கினா வண்டிய எடுத்தேன்? சொன்னா எவனும் நம்ப மாட்றான்."

நான் நம்பினேன். ஐஸ் பெட்டிக்காகக் காலையிலிருந்து எஞ்சினை அணைக்காமல் வெயிலில் நிறுத்தியிருக்கிறார். கேமராவும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சூட்டில் படம் உறைந்து, முன்பு எப்போதோ தெரிந்த வெறும் மணலே திரையில் நின்றிருக்கிறது.

கழற்றிய கேமரா பரிசோதனைக்கு நம் கம்பெனிக்கே வந்தது. சூட்டுச் சோதனை ஓவனில் வைத்தேன். ஐந்தாம் மணி நேரத்தில் படம் நின்றது. அன்புராஜ் சாரிடம் காட்டினேன். "கேமரா நல்லா இருக்குன்னு எழுதிக் குடும்மா. அறுபது பேரு சோறு இதுல இருக்கு" என்றார்.

நீ முதலில் செய்த சூட்டுச் சோதனையின் தாள் ஆபீஸ் கணினியில் இப்போது இல்லை. நீ எதையும் தூக்கி எறியாதவள். பிரதி இருந்தால் அனுப்புடி.

உன்
ஜெயா


ஓசூர்
26.05.2024

ஜெயா,

போனில் பேசியிருக்கலாம். பேசினால் கடைசியில் நீ சொல்வதற்கெல்லாம் நான் சரி என்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் வெயில் இருந்தது, அன்புராஜ் சார் இருந்தார். நீ இல்லை. அதனால் நீ செய்ததை நான் எழுதுகிறேன். பழைய போர்டில், படம் நின்றுபோனால் திரையைக் கறுப்பாக்கிவிட ஒரு சிப் இருந்தது. கறுப்பாகிவிட்டால் ஓட்டுகிறவர் இறங்கிப் பார்ப்பார். அதை எடுத்தால் மூன்று மில்லிமீட்டர் மிச்சம் என்று எடுத்தவள் நீ. "அது எதுக்குடி, படம்தான் நிக்காதே" என்றாய்.

நான் எட்டு மணி நேரம் சூட்டில் வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் மணி நேரத்தில் பத்து போர்டில் இரண்டு நின்றன. எழுதிக் கொடுத்தேன். நீ அதை "நான்கு மணி நேரச் சோதனை, பத்தும் தேறின" என்று மாற்றி டைப் அடித்துக் கேன்டீனுக்குக் கொண்டுவந்தாய். "பொய் ஒண்ணும் இல்லடி. நாலு மணி வரைக்கும் ஓடுச்சுதான? அடுத்த லாட்ல சரி பண்ணிடலாம். உனக்கும் வேல நிரந்தரமாயிடும், கையெழுத்தப் போடு" என்றாய். போட்டேன். அதன் பிறகு உன் பக்கத்து நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. ரிசைன் பண்ணினேன்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த அம்மாளைப் போய்ப் பார்த்தாயா? அதை நீ எழுதவில்லை.

ஆசிபா


பாகூர்
09.06.2024

அன்புள்ள ஆசிபா,

நீ எழுதியது அத்தனையும் உண்மை.

உன் கடிதம் வந்த மறுநாளே ஆசுபத்திரிக்குப் போனேன். சின்னபொண்ணு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் வாங்கிப்போன பழத்தைப் பார்த்துவிட்டு, "நீ கண்ணையன் வூட்டுப் பொண்ணா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

"கேசு கீசு வேணாம்னு அவனாண்ட சொல்லு. ஆனா எறங்கி ஒருதபா பாக்குறதுக்கு உனக்கு இன்னாடா கேடுன்னு நான் கேட்டேன்னு சொல்லு. ஒத்தக் கால வச்சிக்கினு கூடைய எப்பிடித் தூக்குவேன்?"

எனக்கு வரவேண்டிய கேள்வி, கண்ணையனுக்குப் போகிறது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றேன்.

அதன்பின் உன் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சிப்பை எடுத்தது, அறிக்கையை மாற்றியது, ஓவனில் படம் நின்றது, எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தேன். அன்றைக்கே வேலை போய்விட்டது. ஆனால் நானூறு கேமராவையும் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். வீட்டில் அப்பா கரும்புக்கொல்லைக்குப் போகிறார், வருகிறார், என்னோடு பேசுவதில்லை.

உனக்கு ஒரு கெடுதலும் வராது. அறிக்கையில் இருக்கும் உன் கையெழுத்தையும் நானே போட்டேன், உனக்குத் தெரியாது என்று எழுதிவிட்டேன். உனக்குப் புது வேலை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அத்தா சொன்னார். நீ நிம்மதியாக இரு. நான் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

இனியாவது போனை எடுப்பாயா?

உன்
ஜெயா


ஓசூர்
20.06.2024

ஜெயா,

உன் கடிதத்தை நான்கைந்து தடவை படித்துவிட்டேன். ஸ்டேஷன் படியேறியது பெரிய காரியம். உன் இடத்தில் இருந்தால் நான் போயிருப்பேனா, தெரியவில்லை.

ஆனால் அந்த ஒரு வரியை ஏன் எழுதினாய்? அந்தக் கையெழுத்து என்னுடையது. அப்போது இடது கையில் டீ டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட இல்லை, அப்படியே போட்டேன். என்ன தாள் என்று தெரிந்துதான் போட்டேன். அதை நீ எடுத்துக்கொள்ள முடியாது.

அன்றைக்கும் என் நல்லதற்கு என்றுதான் ஒரு தாளில் பொய் எழுதிக் கொண்டுவந்தாய். இன்றைக்கும் அதையே செய்திருக்கிறாய், இந்தத் தடவை என்னைக் கேட்காமலே. நாளைக்குக் கோர்ட்டில் கம்பெனி வக்கீல் அந்தக் கையெழுத்து என்னுடையதுதான் என்று காட்டி, இதில் பொய் என்றால் இந்தப் பெண் சொன்ன மற்றதும் பொய்தானே என்று கேட்டால் கண்ணையன் கதி என்ன? யோசித்தாயா?

திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஸ்டேஷனில் நானே எழுதிக்கொடுக்கிறேன். பிறகு நல்லவாட்டுக்குப் போய், சின்னபொண்ணு வீட்டுக்கு வந்திருந்தால் அங்கே, இல்லையென்றால் ஆசுபத்திரியில், நான் யார் என்று சொல்வேன். நீ யார் என்பதை நான் சொல்ல மாட்டேன். அதை நீதான் போய்ச் சொல்ல வேண்டும்.

அத்தாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "வந்து உள்ளத சொல்லிட்டுப் போம்மா. மாப்பிள்ள வூட்டுக்காரங்களாண்ட நானே பேசிக்கிறேன்" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன். அழுதால் பேச ஆரம்பித்துவிடுவோம், நான் மறுபடியும் எல்லாவற்றுக்கும் சரி என்றுவிடுவேன். கோபம் தீர்ந்தால் நானே எழுதுகிறேன். தீருமா என்று எனக்கே தெரியவில்லை.

சாப்பிடாமல் கிடக்காதே.

ஆசிபா