அவருக்குக் காட்டப் போன பல்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் வலி. ஊசின்னா அவருக்கு உயிரே போயிடும். அதனாலதான் மந்தைவெளியில சிரிச்சுப் பேசுற பல் டாக்டரம்மாவா விசாரிச்சுக் கூட்டிக்கினு போனேன். உள்ள போனதும் மனுசன் கதவைப் புடிச்சுக்கினு நின்னுட்டாரு.

"இன்னாய்யா, கடல்ல சுறாவையே புடிச்ச ஆளு, இந்த சேருக்குப் பயப்படுற? இந்தா பாரு"ன்னு நானே ஏறி உக்காந்து வாயைத் திறந்தேன். டாக்டரம்மாவும் சிரிச்சுக்கினேதான் பாத்தாங்க. அப்புறம் சிரிக்கல.

"கன்னத்துக்கு உள்ள வெள்ளையா இருக்கே. புகையிலை போடுவீங்களாம்மா?"

"மீன் விக்கும்போது ஒரு துண்டு அடக்கிக்குவேன்."

"வெள்ளிக்கிழமை வாங்க. துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். கேன்சர் இல்லன்னு உறுதி பண்ணிக்கணும்."

அவருதான் கதவை விட்டுட்டுக் கிட்ட வந்தாரு. "ஊசி போட்டுத்தானே எடுப்பீங்க டாக்டர்? இவளுக்கு வலிக்கக் கூடாது"ன்னாரு.

அவரு பல்லைக் காட்டாமலே ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டோம். இப்போ கன்னத்தைப் புடிச்சுக்கினு படுத்திருக்காரு. தூங்கலன்னு தெரியுது. நான் ஏதாவது கிண்டல் பண்ணா சிரிப்பாரு. ஒண்ணுமே தோண மாட்டேங்குது.