பல் டாக்டரின் ஸ்விங்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நூற்றுப் பத்து பந்து அடித்தேன். நேராகப் போனவை ஒன்பது. மிச்சமெல்லாம் நல்ல பிள்ளை மாதிரி நேராகக் கிளம்பி, பாதி வழியில் மனசு மாறி, வலது பக்க வலையில் போய் விழுந்தன. பதினாறு வருஷமாக ஊருக்கே கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிற கோச்சின் லட்சணம் இது.

ஏப்ரல் 5 டெஸ்ட். பதினெட்டுக் குழியையும் எண்பத்திரண்டு தடவைக்கு மேல் பந்தை அடிக்காமல் முடிக்க வேண்டும். முடிக்காதவர் இனி கோச் இல்லை என்று பயிற்சித் திடலின் புது நிர்வாகம் சொல்லிவிட்டது. ஜனவரியில் ஒரு தடவை போய் தொண்ணூற்றாறு வாங்கிக்கொண்டு வந்தேன். இனி ஒரே ஒரு வாய்ப்பு.

மார்ச் 6, வியாழன்

வலது பக்கம். வலது பக்கம். வலது பக்கம்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போய் நான் அடிப்பதை வீடியோ எடுக்கச் சொன்னேன். இவர் லிஃப்ட் மெக்கானிக், கோல்ஃபைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எது ஓடினாலும் பழுது எங்கே என்றுதான் பார்ப்பார். நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மட்டை மேல போறப்ப நீதான். கீழ வரும்போது வேற யாரோ வர்றாங்க."

கிண்டல் என்று நினைத்து முறைத்தேன். பிறகு நானும் பார்த்தேன். இடது முழங்கை மடங்குகிறது, வலது தோள் முந்திக்கொண்டு வருகிறது, கீழுதட்டைக் கடிக்கிறேன். நான் உதட்டைக் கடிக்கிறவள் இல்லையே.

அது என் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பல் டாக்டர்!

மார்ச் 10, திங்கள்

தூக்கம் வரவில்லை. எழுதியாவது பார்க்கிறேன்.

சனிக்கிழமை வகுப்பில் நான் பிரபலமானதே இதனால்தான். யார் எப்படித் தப்பாக அடிக்கிறார்களோ, அப்படியே அடித்துக் காட்டுவேன். தன் தப்பைத் தன் கண்ணால் பார்த்தால் சீக்கிரம் திருந்துவார்கள் என்பது என் கட்சி. வங்கிக்காரர், தலைமையாசிரியை, இரட்டையர் அண்ணன் தம்பி, எல்லோரையும் செய்து காட்டுவேன். ஆனால் டாக்டரைச் செய்தால்தான் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், காது மட்டும் சிவந்துவிடும். "மேடம், டாக்டர், டாக்டர்" என்று கேட்டு வாங்குவார்கள். அச்சாக வர வேண்டுமென்று வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன். அஞ்சு வருஷம். வாரம் தவறாமல்.

என் ஸ்விங்கை, என் மட்டை வீச்சை, அப்படி ஒரு நாளாவது பழகினேனா?

மார்ச் 15, சனி

இனி யாரையும் செய்வதில்லை என்று முடிவோடு போனேன். வகுப்பு உப்புச்சப்பில்லாமல் போனது. கடைசியில் தலைமையாசிரியை, "இன்னிக்கு டாக்டர் கிடையாதா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். என் வீராப்பு அவ்வளவுதான். செய்தேன். பந்து வலது வலையில். ஒரே சிரிப்பு.

"இப்ப சரியா அடிக்கிறது எப்படின்னு பாருங்க" என்று சொல்லி அடித்தேன். அதே வலை, கிட்டத்தட்ட அதே ஓட்டை.

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அதையும் வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டார்கள். வங்கிக்காரர் கைதட்டினார். நானும் குனிந்து வணக்கம் வைத்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 16, ஞாயிறு

"நீ எல்லாரையும் காப்பி அடிக்கிறியே, பழைய உன்னையே காப்பி அடி" என்றார் இவர். காலையிலிருந்து எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த வார்த்தைதான். ரெண்டு பேரும் உட்கார்ந்து போன், பழைய போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துழாவினோம்.

மாணவர்கள் அடிப்பது நானூற்றுச் சொச்சம் வீடியோ. நான் மாணவர்கள் மாதிரி அடிப்பது பதினேழு. நான் நானாக அடிப்பது ஒன்றுகூட இல்லை.

மார்ச் 22, சனி

வகுப்பு முடிந்து டாக்டரை நிறுத்தி உண்மையைச் சொன்னேன். "உங்க ஸ்விங் எனக்கு ஒட்டிக்கிச்சு டாக்டர்." அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, "நான் அதை விட்டு ஒரு வருஷம் ஆச்சே மேடம்" என்றார்.

கிளப் மட்டையை எடுத்து மூன்று பந்து அடித்தார். மூன்றும் நூல் பிடித்த மாதிரி நேராக.

"நீங்க சொல்லிக் குடுத்துதான் சரியாச்சு. சனிக்கிழமை எல்லாரும் ஆசையா சிரிக்கிறாங்க, அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

ஒரு வருஷமாக என் கண்ணெதிரே நேராக அடித்துக்கொண்டிருக்கிறார். நான் பார்க்கவில்லை. அவரைச் செய்து காட்டுகிற மும்முரத்தில் அவரைப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. இப்போது அந்தத் தப்பு உலகத்தில் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

மார்ச் 29, சனி

உதட்டைக் கடிக்காமல் இருக்க வாயில் துணியை வைத்துக்கொண்டு அடித்தேன். துணியைக் கடித்தேன்.

ஏப்ரல் 5, சனி

முதல் ஒன்பது குழி நாற்பத்தொன்று. சரிபாதி! பந்து நேராகப் போனது. எப்படி என்று கேட்டால் தெரியாது. கேட்காமல் நடந்துகொண்டிருந்தேன்.

பத்தாவது குழியில் கிளப்பை ஓங்கியிருந்தபோது, பக்கத்துப் பாதையில் போன நாலைந்து பேர் அவர்கள் பாட்டுக்கு எதற்கோ சிரித்தார்கள். அவ்வளவுதான். சிரிப்புச் சத்தம் கேட்டதும் என் முழங்கை மடங்கியது, தோள் முந்தியது, உதடு பல்லுக்குள் போய்விட்டது. பந்து மரங்களுக்குள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை, ஆனாலும் டாக்டர் என்னை விட்டுப் போகவில்லை. பின் ஒன்பது ஐம்பத்திரண்டு.

தேர்வாளர் தாளை நீட்டி, "முதல் பாதி ரொம்ப அழகா ஆடினீங்க" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்தார். கத்திவிட்டேன். "லிஃப்ட்டுன்னா ஒரு பார்ட்டைக் கழட்டி மாத்திடுவீங்க. என்கிட்ட எதைக் கழட்டுவீங்க? சொல்லுங்க, எதை?" பாவம், சாப்பிடாமல் படுத்துவிட்டார். நானும்தான்.

மே 14, புதன்

என்னைத் திடலின் கவுண்டருக்கு மாற்றி ஒரு மாதமாகிவிட்டது. வாளியில் பந்து நிரப்பிக் கொடுப்பது, திரும்பி வரும் கிளப்பைத் துடைத்து அடுக்குவது. புது கோச் நல்ல பெண், என்னை அக்கா என்கிறாள். சனிக்கிழமை வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை. பந்துகள் நேராகப் போகின்றன.

இன்று மதியம் ஒரு அம்மா முதல் தடவையாக வந்து கவுண்டருக்கு எதிரே நின்று அடித்தார். ஓங்கும்போது இடது குதிகால் எழும்புகிறது, நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது. நாலாவது பந்தின்போது என் இடது குதிகாலும் தரையில் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

காலி வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "பாக்க சுலபமா இருக்கு, அடிச்சா வரமாட்டேங்குதே. நீங்க ஆடுவீங்களா?"

"இல்லைங்க" என்றேன். "எனக்குத் தெரியாது."

"பக்கத்துலயே இருக்கீங்க, கத்துக்கக் கூடாதா?"

சிரித்தேன். அவர் போன பிறகு, இப்போது வலிக்கும், இப்போது வலிக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வலிக்கவே இல்லை.