அளவுக்கு மீறிப் பளிச்சிட்ட மருந்து

கழுத்தில் ஒரு சின்னக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லையாம். இன்று காலை ஸ்கேன் எடுத்தார்கள். பாதியில் நிறுத்திக் கையில் மருந்து ஏற்றினார்கள். முழங்கை வரை ஜில்லென்று ஏறியது. உடனே உன் நினைப்பு. வராமல் இருக்குமா? படம் தெளிவாக விழ ஏற்றும் இந்த மாதிரி மருந்துக்காகத்தானே, எண்பதுகளில், கிளமெண்டி பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் நாம் இரண்டு பேரும் மாரடித்தோம்.

கடோலினியம் என்ற உலோகம். தனியாக உடம்புக்குள் போனால் விஷம். கூண்டு போல ஒரு மூலக்கூறைக் கட்டி அதற்குள் பூட்ட வேண்டும். கூண்டு கட்டுவது நான், பூட்டைச் சோதிப்பது நீ. மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விடுவாய். மஞ்சளாகவே நின்றால் பத்திரம், ஊதாவானால் உலோகம் வெளியே வந்துவிட்டது. சுத்தம் என்று நான் சத்தியம் செய்தாலும் மறுபடி ஒரு சொட்டு விடுவாய். என் மாமியார்கூட என்னை இப்படிச் சோதித்ததில்லை என்று சிடுசிடுப்பேன். நீ காதில் போட்டுக்கொண்டால்தானே!

மருத்துவமனைக்குப் புதிதாக வந்த ஸ்கேன் இயந்திரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்குக் கிடைத்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து அதே சேலையில் வந்து நின்றாய். நம் புதுக் கூண்டுக்கு உன் சோதனை இன்னும் முடிந்திருக்கவில்லை. படத்தில் நம் மருந்து நிரப்பிய குழாய் மட்டும் பளிச்சென்று விழுந்தது. பேராசிரியர் கைதட்டினார், வெளிநாட்டு மாநாட்டில் காட்டலாம் என்றார். நான் சிராங்கூன் ரோட்டில் பிரியாணிக்கே நாள் குறித்துவிட்டேன். உன் முகம் மட்டும் சுருங்கியது.

"கணக்குக்கு மேல பளிச்சுன்னு இருக்கு. பூட்டின உலோகம் இவ்ளோ வெளிச்சம் காட்டாதுடி."

மறுநாள் சொட்டு விட்டாய். ஊதா.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. கூண்டைப் பிறகு சரிசெய்யலாம், இப்போது படத்தை மட்டும் காட்டுவோம் என்றார். அந்த மாநாட்டைப் பொறுத்துத்தான் உன் வேலை ஒப்பந்தம் நீளும் என்பது எல்லாருக்கும் தெரியும். உன் வீட்டில் உன் சம்பளம்தான் அடுப்பெரித்தது. நீயோ ஊதாக் குழாயை அவர் மேசையில் வைத்தாய். படத்தைக் காட்டினால் இதையும் காட்டுங்கள், இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாய். குரல்கூட உயரவில்லை. அவர் மாநாட்டுக்குப் போகவில்லை. உன் ஒப்பந்தமும் நீளவில்லை.

கேண்டீனில் நான் அழுதேன், நீ பால் விடாத தே-ஓ குடித்தாய்.

"வேலை போனா வேற வேலை லா. நம்ம கூண்டை நம்பி யாரோ கையை நீட்டுவாங்கடி."

பிறகு பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தாய். பூட்டு விடாத மருந்தை வேறு நாட்டில் வேறு யாரோ செய்தார்கள். உன் அடக்கத்தன்று பேசியவர்கள் எல்லாரும் நல்ல டீச்சர், நல்ல டீச்சர் என்றார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்களுக்கு என்ன தெரியும்?

நம் மருந்து ஒருவர் உடம்பிலும் ஏறவில்லை. ஏறவிடாமல் செய்தவள் நீ. எத்தனையோ ஆராய்ச்சியில் என் பெயர் இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி நான் சொல்லிக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.