பூதிகோட்டையிலிருந்து வந்த இன்ஜின்

நந்திதுர்க், கே.ஜி.எஃப்.
ஞாயிறு, பிப்ரவரி 9, 2025

அன்புள்ள உதய் அண்ணனுக்கு,

தங்கை பல்லவி எழுதுவது. நானும் அப்பாவும் நலம். தோஹா வெயிலில் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் நாலாவது நிமிடம் நீ கத்துகிறாய், ஐந்தாவது நிமிடம் நான் கத்துகிறேன், அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார். எதிர்வீட்டு ஆஷ்லி லீவு முடிந்து புதன்கிழமை உன் ஊருக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ கேட்டது ஒரே கேள்வி. முப்பது வருஷ அம்பாசடருக்கு வேறு இன்ஜின் எதற்கு, தள்ளிவிட்டு சின்னக் கார் ஒன்று வாங்கினால் என்ன?

சின்னக் காரில் ஒரு ஆளை நீட்டிப் படுக்க வைக்க முடியாது அண்ணா. நம் சுரங்கத் தொழிலாளர் லைனில் வண்டியின் வேலையே அதுதான். பாறைத் தூசியை முப்பது வருஷம் மூச்சாக இழுத்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். யாருக்காவது மூச்சு முட்டினால் முதலில் நம் கதவைத்தான் தட்டுகிறார்கள். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் சுரங்க ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது. தேர்தல் வந்தால் அதன் கேட்டில் பேனர் கட்டுகிறார்கள். பேனருக்குக் கீழே பூட்டு அப்படியே தொங்குகிறது. அதனால் அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர் பழைய கார் ஒன்றில் நோயாளிகளைக் கோலாருக்கு ஏற்றிப் போகிறார். இதைச் சேவை என்று ஒரு கட்சிக்காரர் அப்பாவுக்குச் சால்வை போட வந்தார். சால்வையை வைத்துக்கொண்டு பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு என் மேல் இரண்டு நாள் கோபம்.

இன்ஜினுக்கு வருகிறேன். ராபர்ட்சன்பேட்டையில் மெக்கானிக் மனோகர் அண்ணன் மூன்று வழி சொன்னார். இருப்பதன் சிலிண்டரையே கடைந்து, போர் அடித்துப் புது பிஸ்டன் போடுவது முதல் வழி. செய்தால் நன்றாக ஓடும், ஆனால் பிறந்தபோது இருந்த பலத்துக்கு மேல் வராது. அப்பாவுக்கு அது போதவில்லை. இரண்டாவது, பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின். மனோகர் அண்ணனுக்கு அதன் மேல்தான் ஆசை. "எருமை மாதிரிம்மா, இன்னா லோடு வச்சாலும் இஸ்துகினு போவும்" என்றார். ஓட்டிக் காட்டினார். கரும்புகை, அதிர்வு, பேசினால் காதில் விழாத சத்தம். பின் சீட்டில் படுக்கப்போகிறவர்களின் நுரையீரலை நினைத்து அதை நான்தான் வேண்டாம் என்றேன். மூன்றாவது, இசுசு ஆயிரத்து எண்ணூறு சிசி பெட்ரோல் இன்ஜின். அம்பாசடரிலேயே பின்னாளில் வந்தது. நம்முடையதைப் போல ஒன்றரை மடங்கு பலம், ஐந்து கியர்.

அது பூதிகோட்டையில் ஒரு விவசாயி வீட்டில் கிடைத்தது. துருப்பிடித்த அம்பாசடர், அதற்குள் கோழிகள். ஸ்டியரிங் மேல் சேவல் உட்கார்ந்திருந்தது. அதை இறக்கிவிட்டுத்தான் சாவி போட்டார்கள். பேட்டரி கட்டியதும் இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கோழிகள் தெருவரைக்கும் ஓடின. அப்பா என்ன கேட்டார் தெரியுமா? எவ்வளவு வேகம் போகும் என்று கேட்கவில்லை. பிரேக் எப்படிப் பிடித்தது, பூஸ்டர் கசியுமா என்று திருப்பித் திருப்பி அதையே கேட்டார். வருகிற எல்லாரும் ஓட்டத்தைக் கேட்பார்கள், உங்கள் அய்யா நிற்பதைக் கேட்கிறாரே என்று விவசாயி தெலுங்கில் என்னிடம் சிரித்தார். கடைசியில் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் பூஸ்டர் எல்லாம் சேர்ந்து டெம்போவில் வந்தன. ஆர்.டி.ஓ. அனுமதிக்கு அலைந்ததில் என் லீவு மூன்று போனது. கம்பெனியில் சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும்.

இதெல்லாம் எதனால் என்று நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். அம்மாவை எடுத்த மறுநாள் நீ போனில் ஒரு வார்த்தை சொன்னாய். "நல்ல வண்டி இருந்திருந்தா அம்மா பொழச்சிருப்பாங்க." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா அம்மாவின் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமே மனோகர் அண்ணனைத் தேடிப் போனார். ஒரு வருஷமாக அவர் பேச்சில் வேறு எதுவும் இல்லை.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. அழுதுகொண்டிருந்தவன் ஏதோ சொன்னாய். ஆனால் அவர் அதைக் கேட்டுவிட்டார்.

புதன், பிப்ரவரி 12

ஆஷ்லி பெட்டி கட்டிவிட்டான். அதற்குள் முடிக்க வேண்டும்.

இன்று காலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். அப்பாவின் பழைய கூட்டாளி பெருமாள் மாமாவும் வந்திருந்தார். அப்பா சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தபோது ஷாஃப்ட் வாயில் நின்று அவருக்கு மணி அடித்தவர். அப்பா முதலில் தனியாக ஏறி பாலகாட் பக்கம் போனார். திரும்பி வரும்போது நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்க வேண்டும். துப்பட்டா பறந்தது. தொண்ணூறுக்குக் குறையாது என்றார் மனோகர் அண்ணன். அப்பா சிரித்துக்கொண்டே இறங்கினார். அம்மா போனபிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

பிறகு நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். அப்பா ஸ்டியரிங்கை விரலால் மூன்று தட்டு தட்டினார். உனக்கும் தெரியும், யாராவது வண்டியில் ஏறினால் அப்படித் தட்டுவார். சாமிக்குச் செய்கிறார் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். வண்டி நகர்ந்தது. முப்பத்தைந்து, நாற்பது. அதற்கு மேல் முள் ஏறவே இல்லை. மனோகர் அண்ணன் பொறுக்க முடியாமல், "மிதிங்க சார், இன்னும் எவ்ளோ கீது அதுல" என்றார். "புதுசு, பழகணும் இல்ல" என்றார் அப்பா. பொய் சொல்லவில்லை அவர். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

டீக்கடையில் அப்பாவும் மனோகர் அண்ணனும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது பெருமாள் மாமா என்னிடம் சொன்னார். "உங்கப்பன் இன்னும் கேஜுதாம்மா ஓட்டறான். கல்லு வந்தா ஒரு மணி, பறக்க விடுவான். ஆளு ஏறினா மூணு மணி அடிப்பேன். மூணு கேட்டுச்சுன்னா மேனேஜரே வந்து கத்துனாலும் ஸ்பீடு ஏத்த மாட்டான். இருபத்தாறு வருசம். ஒரு ஆளுக்குக் கால் பிசகினது கெடையாது."

அண்ணா, அன்றைக்குப் பின் சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தது நான். பங்காரப்பேட்டை தாண்டியபின் சாலை காலியாக இருந்தது. வேகமாகப் போங்கப்பா என்று கெஞ்சினேன். "இதுக்கு மேல இழுக்கலம்மா" என்றார். போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அதற்குள் அம்மா போய்விட்டாள். கோலார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவளின் ஆதார் அட்டையைக் கேட்டார்கள், இல்லாமல் உடலைத் தரமாட்டோம் என்றார்கள். அப்பா தனியாக வீட்டுக்கு வந்து, பீரோவில் தேடி எடுத்துக்கொண்டு கோலாருக்குத் திரும்பினார். போக, வர, தேட, எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அதே வண்டி. அதே பழைய இன்ஜின்.

அப்பா இதைச் சேர்த்து யோசித்ததே இல்லை. நான் யோசித்தேன். ஒரு வருஷமாக அவரோடு ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு உள்ளுக்குள் அவரை வெறுத்துக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். இன்றைக்குத்தான் புரிந்தது. அவர் உடம்புக்குள் யாரோ மூன்று மணி அடித்துவிட்டார்கள். கால் இறங்கவில்லை. ஆளை உயிரோடு கரை சேர்க்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அரை மணி முன்னால் போயிருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஐந்து நிமிட நடையில் இருக்கிற அந்தப் பூட்டு திறந்திருந்தால் இன்ஜினும் வேண்டாம், காலும் வேண்டாம். இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் நாம் மூன்று பேரும் ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறோம்.

ஆகவே கேள். குற்றம் பழைய இன்ஜினுடையதாகவே இருக்கட்டும். அதைக் கழற்றிப் போட்டாயிற்று, மனோகர் அண்ணன் ஷெட்டில் ஒரு மூலையில் கிடக்கிறது. அதற்கு வலிக்காது. நான் எழுதியதை அப்பாவிடம் ஒருநாளும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது புது இன்ஜின் எப்படி இழுக்கிறது என்று மட்டும் கேள். அவர் அரை மணி நேரம் பேசுவார். இடையில் பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

சித்திரையில் லீவு கிடைத்தால் வந்துவிடு. பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு நாங்கள் வண்டியோடு வருகிறோம். நீ முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார். வீடு வந்து சேர நாலு மணி நேரம் ஆகும். வேகமாகப் போகச் சொல்லாதே.

அம்மா உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை,
பல்லவி