ஒரே காலர்

ஏப்ரல் 7, செவ்வாய்

ரவ்தா நுண்ணோக்கியைக் கொண்டுவந்து வைத்தாள். என் பழைய மாணவி. எங்கள் தீவின் ரம்லா ஊரில் இரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறாள். "அடுத்த வியாழன் வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும் டீச்சர். அன்னிக்கு நானே வந்து எடுத்துக்கறேன்."

எதற்கென்று அவள் கேட்கவில்லை. 1989 தேர்வில் நான் போட்ட பூஜ்யம் அவளுக்கு நினைவிருக்குமா?

கடல்நீர்த் துளியில் கண்டதை வரைந்து, 'தாவரம்', 'விலங்கு' என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறிக்க வேண்டும். அவள் இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினாள்: "இரண்டும் இல்லை. கடற்பஞ்சுக்குச் சொந்தம்." சிவப்பு மையில் பெரிய பூஜ்யம் போட்டேன்.

போன மாதம் புதிய பாடநூலில் படித்தேன். அவள் அன்று வரைந்த கழுத்துப்பட்டைக் கசையுயிரி, அதாவது காலர் போட்ட ஒற்றைச் செல் உயிரி, தாவரமல்ல, விலங்குமல்ல. ஆனால் கடற்பஞ்சு உட்பட எல்லா விலங்குகளுக்கும் மிக நெருங்கிய உறவு.

முதலில் அவள் கண்ணுக்குக் காட்ட வேண்டும். பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 8, புதன்

கிடைத்துவிட்டது! பாறைக் குழி நீரில்.

ஒரே ஒரு செல். ஒரு சாட்டை வால். வாலின் அடியைச் சுற்றி, நுண்ணிய இழைகளால் ஆன காலர் — புனலின் நடுவே ஒரு நூலை ஆட்டுவது போல. வால் ஆட ஆட நீர் ஓடுகிறது, அதில் வரும் பாக்டீரியாக்கள் காலரில் சிக்குகின்றன, செல் விழுங்கிக்கொள்கிறது. சில செல்கள், ஒரே தாயிலிருந்து பிரிந்த பின்னும் விலகிப் போகாமல், வால்களை வெளியே நீட்டிக்கொண்டு பூப்போல உருள்கின்றன. ஒற்றை உயிர் கூட்டுயிராவதற்கு இதைவிட எளிய உதாரணம் என்னிடம் இல்லை. ரவ்தாவுக்கு இந்தப் பூவைக் காட்ட வேண்டும்.

என் கணவர் ஃபர்ஹாத் குடுவையை முகர்ந்தார். "ஆக்டோபஸ் காயப்போட்ட கயிறுகூட இதவிட மணக்கும். இதப் பாத்தா சிரிக்கிற?"

நாற்பது வருடம் கடற்பஞ்சு எடுக்கக் கடலில் முங்கியவர் நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறார்!

ஏப்ரல் 10, வெள்ளி

குடுவை நீர் மங்கல், பாக்டீரியா பெருகிவிட்டது. ஃபர்ஹாத்தின் பல்வலிக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையில் ஒரு துணுக்கைக் கரைத்து விட்டேன். தெளியட்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நீர் தெளிந்துவிட்டது. பூ ஒன்றுகூட இல்லை. எல்லாம் தனித்தனி.

என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்? இன்னும் நாலே நாள்!

ஏப்ரல் 13, திங்கள்

ஃபர்ஹாத் சொன்னார்: "அழுக்குதான் அதுங்களுக்குச் சோறுன்னு நீதான சொன்ன? சோத்தக் கொட்டிட்டு விருந்தாளிய எதிர்பாக்குற."

சோறு மட்டும்தானா? தனியன்கள் பட்டினியில் இல்லையே. நீந்துகின்றன, பிரிகின்றன, பிரிந்ததும் விலகிவிடுகின்றன. அப்படியானால் ஏதோ ஒரு பாக்டீரியாதான் அவற்றைச் சேர்ந்திருக்க வைத்ததோ?

முதல் நாள் நீர் எடுத்த தட்டை நல்லவேளை கழுவவில்லை. அடியில் இன்னும் வழவழப்பு. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன்: வெறும் பாக்டீரியா, காலர்காரர் ஒருவரும் இல்லை.

தனியன்களைப் புதுக் கடல்நீருக்கு மாற்றினேன். காய்ச்சி ஆறவைத்தது, உள்ளே பாக்டீரியாவுக்குத் தீனியாக ஒரு பார்லி மணி. இரண்டு குடுவைகள். ஒன்றில் மட்டும் அந்த வழவழப்பு, ஒரு சொட்டு.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 15, புதன்

சொட்டு விட்ட குடுவையில் பூ. எண்ணினேன் — பதினொன்று! மற்றதில் இன்னும் தனியன்கள்தான். சமையலறையில் தனியாகக் கைதட்டினேன்.

ஏப்ரல் 16, வியாழன்

ஃபர்ஹாத் துறைமுகத்தில் கேட்டு வாங்கி, உயிருள்ள பஞ்சை வாளியில் கொண்டுவந்தார். ரவ்தாவுக்கு முதலில் பூவைக் காட்டினேன். பிறகு பஞ்சைக் கிள்ளி அதன் செல்லை. வெகுநேரம் அவள் தலை நிமிரவில்லை.

"அதே காலர், டீச்சர்."

பூஜ்யத்தைச் சொன்னேன். தவறு என்னுடையது என்றேன். அவள் சிரித்தாள்.

"ஐயோ, அது என் பதிலே இல்ல டீச்சர்! ஃபர்ஹாத் மாமா வகுப்புக்குப் பஞ்சு கொண்டுவந்தாரே, ஞாபகம் இருக்கா? நீங்க சாக்பீஸ் எடுக்கப் போனப்போ அவரும் மைக்ராஸ்கோப்புல கடல்தண்ணித் துளி, பஞ்சுத் துணுக்கு ரெண்டையும் எட்டிப் பாத்தாரு. 'ஒரே காலர் போட்டிருக்குங்க, புள்ள. சொந்தக்காரங்கதான்'னு சொன்னாரு. நான் அதத்தான் எழுதினேன்."

வாளியோடு வாசலில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்போ அந்த முட்டை எனக்கா?" என்றார்.

ஏப்ரல் 17, வெள்ளி

காலையிலிருந்து அவர் காப்பி கேட்கவில்லை. மதிப்பெண் கேட்கிறார். சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.