பாலத்துக்கு விழாத ஓட்டு

ஹாலோவே துறை, அயோவா
1868 ஏப்ரல் 6

என் அன்புக்குரிய ஆல்வாவுக்கு,

நானும் பையன்களும் சுகம். சிவப்புப் பசு கன்று போட்டுவிட்டது, கிடேரி. பனி உருகி வாசல் வரைக்கும் சேறு.

உங்கள் கடிதம் வந்தது. அதில் சட்டசபைச் செய்தி கால்பங்கு, புலம்பல் முக்கால்பங்கு. இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று கட்சிக்காரர்களிடம் என்னைச் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். நான் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

ஊரில் பேச்சு இருக்கிறது, மறைப்பானேன்? ஆற்றுக்குப் பாலம் கேட்டு மசோதா கொண்டுவந்தவரே ஓட்டுப் போடாமல் உட்கார்ந்துவிட்டார், ஒரே ஓட்டுக் குறைந்து மசோதா தோற்றது என்று பத்திரிகைக்காரன் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்.

முந்தாநாள் உப்பு வாங்க பாட்செல்டர் கடைக்குப் போனேன். அடுப்பைச் சுற்றி வழக்கமான கும்பல். என்னைக் கண்டதும் எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். பாட்செல்டர் மட்டும், "பெத்த பொண்ணை ஆத்துக்குக் குடுத்த மனுஷன். ஒரு ஓட்டுப் போட அவருக்கு வாய் வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. செய்தி வந்த அன்று நானும் அதே கோபத்தில்தான் இருந்தேன். நம் மகள் ஃபீபியின் கவுனை மடியில் வைத்துக்கொண்டு உங்களைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அது என் வீட்டுக்குள். கடையில் விட்டுக்கொடுப்பேனா?

எதிர்க்கட்சி டிஸ்டேலின் மனைவி சாகக்கிடந்தாள், அவர் ஊருக்குப் போகவேண்டியிருந்தது, அவர் திரும்பும்வரை நீங்களும் ஓட்டுப் போடுவதில்லை என்று கைகொடுத்து உறுதி சொன்னீர்கள், அது சபையில் காலங்காலமாக உள்ள வழக்கம் என்று விளக்கினேன். அவர் இருந்திருந்தால் எதிர்த்துப் போட்டிருப்பார், உங்கள் ஓட்டும் அவர் ஓட்டும் சரிக்குச் சரியாகி மசோதா அப்போதும் தோற்றிருக்கும் என்றேன். பிறகு கேட்டேன்: "பொண்டாட்டிக்குக் கண்ணை மூடிவிடப் போனவனை முதுகுல குத்தி ஒரு பாலம் வந்தா, அதுல நீங்க நடப்பீங்களா? நான் நடக்கமாட்டேன்."

பாட்செல்டர் உப்பை நிறுத்துக் கொடுத்தார். எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன், பாதிப்பேர் முகம் இறுகித்தான் இருந்தது.

வரும் சனிக்கிழமை நீதிமன்ற மண்டபத்தில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக் கூட்டம். உங்கள் இடத்துக்கு லைமன் குரௌச் துண்டு போட்டு வைத்திருக்கிறான். அவனுக்குக் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு, ஊருக்கே தெரியும். அங்கே பெண்களுக்கு வாசற்படியோடு சரி. இல்லாவிட்டால் நானே பேசி முடித்துவிடுவேன். நீங்கள்தான் வந்து நிற்கவேண்டும். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த டிஸ்டேல் உங்கள் கையைப் பிடித்தவர் விடவேயில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அடுத்த சபையில் அந்தக் கை எந்தப் பக்கம் உயரும் என்று தெரியாதா உங்களுக்கு? அப்போது மசோதாவைக் கொண்டுவர நீங்கள் அங்கே இருக்கவேண்டாமா?

சபை முடிந்ததும் எங்கும் தங்காமல் புறப்படுங்கள். வெள்ளிக்கிழமை கோச்சு வண்டி அக்கரைக்கு வரும். ஃபீபி துறைப் படகிலிருந்து ஆற்றோடு போனதிலிருந்து நான் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. வெள்ளிக்கிழமை ஏறுகிறேன். அக்கரையில் நிற்பேன்.

கடவுள் உங்களை வழிநெடுகக் காக்கட்டும். திரும்பும்போது என்னைத் தனியாக அந்தப் படகில் வரவைத்துவிடாதீர்கள்.

உங்கள்
லூசிண்டா